தரவுத்தளச் சர்வரில் தோன்றும் இணைப்புக் குறைகளும் கடவுச்சொற் குறைகளும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதி மிளகு, ஏலம், சுக்கு முதலிய நறுமணப் பொருள்களின் வாணிகத்திற்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்றது. இங்குள்ள யூதத் தெருவில் இந்திய மிளகு, நறுமணப்பொருள் வாணிகச் சங்கம் 1957ஆம் ஆண்டு முதல் மிளகின் முன்பேர வாணிகத்தை நடத்தி வந்தது. வணிகர்கள் ஒரே கூடத்தில் கூடி, உரத்த குரலில் விலை கூறிப் பேரம் முடிப்பது அக்காலத்து வழக்கம். பிற்காலத்தில் அக்குரல்களின் இடத்தைக் கணிப்பொறி பெற்றது. கொச்சியில் 1947இல் தொடங்கிய தேயிலை ஏலமும், இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலக்காய் ஏலமும் இன்று மின்னணு முறையிலேயே நிகழ்கின்றன. பண்டகசாலைகளின் பேரேடுகளும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன.

பேரேடு கணிப்பொறிக்குள் சென்றதனால் விளைந்த நன்மைகள் பல. ஆயினும் ஒரு புதிய இடரும் உடன் தோன்றியுள்ளது. காகிதப் பேரேட்டை எவரும் எக்கணமும் திறக்கலாம். கணிப்பொறிப் பேரேடோ, “இணைக்க இயலவில்லை” என்றோ, “அனுமதி மறுக்கப்பட்டது” என்றோ கூறித் திறக்க மறுத்துவிடலாம். அவ்வேளையில் மூட்டைகள் தராசின் முன் காத்து நிற்கும்; பயிரிட்டவருக்குச் சேரவேண்டிய தொகையைக் கணக்கிட வழியிராது. பதற்றத்தில் கண்டதையெல்லாம் மாற்றுவோர், சிறு குறையைப் பெருங்கேடாக்கி விடுவதுண்டு. ஆதலின் இக்குறைகளை முறைப்படி ஆராய்ந்தறியும் வழி இப்பாடத்தில் விளக்கப்படுகின்றது.

1. தரவுத்தளச் சர்வர் என்பது யாது?

தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்தி வைக்கப்பெற்ற தகவல்களின் தொகுதி. அதனைப் பேணி, கேட்போர்க்குக் கேட்டவற்றை எடுத்து வழங்கும் நிரல், தரவுத்தளச் சர்வர் எனப்படும். அதனிடம் தகவல் கேட்கும் நிரலுக்குக் கிளையண்ட் என்று பெயர். இவ்விரண்டும் ஒரே கணிப்பொறியிலும் இருக்கலாம். வேறு வேறு கணிப்பொறிகளிலும் இருக்கலாம்.

இவ்வகைச் சர்வர்களுள் பெரிதும் வழங்குவது மைஎஸ்க்யூஎல் என்பதாகும். ஸ்வீடன் நாட்டில் 1995ஆம் ஆண்டில் இது வெளிவந்தது. 2008இல் சன் நிறுவனமும், 2010இல் அந்நிறுவனத்தை வாங்கியதன் வாயிலாக ஆரக்கிள் நிறுவனமும் இதன் உரிமையைப் பெற்றன. கீழே தரப்படும் பிழை எண்கள் இச்சர்வருக்கும் அதன் கிளையண்டுகளுக்கும் உரியவை. ஆராயும் முறை ஏனைய சர்வர்களுக்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டிற்காக, மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுப் பண்டகசாலை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அதன் மாடியில் சர்வர் உள்ளது. கீழ்த்தளத்தில் தராசின் அருகே ஒரு கணிப்பொறியும், கணக்கர் அறையில் மற்றொன்றும் உள்ளன. மூன்றும் ஒரு ரவுட்டரின் வழியே இணைக்கப்பட்டுள்ளன.

2. நான்கு படிகள்

தராசடியிலுள்ள கணிப்பொறி பேரேட்டில் ஓர் எடையைப் பதிய வேண்டுமாயின் நான்கு படிகளைக் கடத்தல் வேண்டும்.

முதற்படி, சர்வர் உள்ள கணிப்பொறியை அடைதல். இதற்கு அதன் ஐபி முகவரி சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இடையிலுள்ள கம்பிகளும் ரவுட்டரும் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

இரண்டாம் படி, அக்கணிப்பொறியில் உரிய வாயிலை அடைதல். ஒரே கணிப்பொறியில் பல நிரல்கள் இயங்குவதால் ஒவ்வொன்றிற்கும் போர்ட் எனப்படும் வாயில் எண் உண்டு. மைஎஸ்க்யூஎல் சர்வருக்கு வழக்கமான எண் 3306 ஆகும். சர்வர் இயங்கிக்கொண்டு, அவ்வாயிலில் செவிசாய்த்திருந்தாலன்றி இப்படியைக் கடக்க இயலாது.

மூன்றாம் படி, அடையாளத்தை மெய்ப்பித்தல். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இங்குதான் ஆராயப்படுகின்றன.

நான்காம் படி, உரிமை. அடையாளம் மெய்யானதாயினும், குறிப்பிட்ட பேரேட்டைப் பார்க்கவோ திருத்தவோ அப்பயனருக்கு உரிமை வழங்கப்பட்டிருக்க வேண்டும்.

பண்டகசாலைக்கு வருபவர் முதலில் கட்டடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வாயில் திறந்திருக்க வேண்டும். காவலர் அவரை அறிய வேண்டும். அதன் பின்னரே எந்த அறைக்குள் அவர் செல்லலாம் என்ற வினா எழும். கட்டடத்தையே காணாதவர் காவலரைக் குறைகூறுதல் பொருந்தாது. அவ்வாறே, முதலிரு படிகளில் தோன்றிய தடைக்குக் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயன் இல்லை. எப்படியில் தடை நேர்ந்தது என்பதை முதலில் துணிந்த பின்னரே எதனையும் மாற்றத் தொடங்க வேண்டும். இதுவே இப்பாடத்தின் அடிப்படை விதியாகும்.

3. இணைப்புக் குறைகள்

திரையில் தோன்றும் பிழை எண்ணே முதற் சான்று. அதனை ஒரு தாளில் உள்ளவாறே எழுதிக்கொள்ளுதல் நன்று. “பாஸ்வேர்டு எடுக்கவில்லை” என்று பொதுவாகக் கூறுவது ஆராய்ச்சிக்கு உதவாது.

பிழை எண் 2005 எனின், குறிப்பிட்ட பெயருடைய கணிப்பொறி அறியப்படவில்லை என்பது பொருள். பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கலாம். அல்லது பெயரை முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு செயலற்றிருக்கலாம்.

பிழை எண் 2003 எனின், சர்வருடன் இணைய இயலவில்லை என்பது பொருள். அதன் அருகே அடைப்புக்குறிக்குள் மற்றோர் எண் காணப்படும். லினக்ஸ் கணிப்பொறிகளில் 111, விண்டோஸ் கணிப்பொறிகளில் 10061 என்று இருப்பின், இணைப்பு உடனே மறுக்கப்பட்டது என்று கொள்ளவேண்டும். பெரும்பாலும் இதன் கருத்து, அம்முகவரியில் கணிப்பொறி உள்ளது, ஆனால் அவ்வாயிலில் செவிசாய்ப்பார் எவரும் இலர் என்பதே. சர்வர் நின்றுபோயிருக்கலாம், அல்லது வேறு வாயில் எண்ணில் இயங்கலாம். மாறாக, 110 அல்லது 10060 என்று இருப்பின், விடையே வாராமல் காலம் கடந்தது என்பது பொருள். முகவரி மாறியிருத்தல், கம்பி அறுந்திருத்தல், ஃபயர்வால் என்னும் காவலரண் செய்தியை ஓசையின்றி விழுங்கிவிடுதல் ஆகியவை இதற்குரிய காரணங்கள். உடனே மறுத்தலும், விடையின்றி மௌனமாய் இருத்தலும் வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள் என்பதை மறத்தலாகாது.

சர்வர் நன்கு இயங்கியும் மறுப்பு வருவதுண்டு. சர்வர் தன் கணிப்பொறிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டும் ஏற்குமாறு அமைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னைத் தானே குறிக்க வழங்கும் முகவரி. சர்வரின் அமைப்புக் கோப்பில் பைண்ட் முகவரி என்னுமிடத்தில் இதுவே எழுதப்பட்டிருந்தால், மாடியில் அமர்ந்து சோதிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். தராசடியில் இருப்பவருக்கோ இணைப்பே கிட்டாது. ஆதலின் குறை எங்குத் தோன்றியதோ அங்கிருந்தே சோதனை செய்தல் வேண்டும்.

பிழை எண் 2002 பெரும்பாலும் சர்வர் உள்ள கணிப்பொறியிலேயே தோன்றும். லினக்ஸ் முறையில் லோக்கல்ஹோஸ்ட் என்று பெயரிட்டு அழைத்தால், கிளையண்ட் வலைப்பின்னல் வழியே செல்வதில்லை. சாக்கெட் எனப்படும் ஒரு கோப்பின் வழியே செல்கின்றது. அக்கோப்பு இல்லையெனினும், வேறிடத்தில் இருப்பினும் இப்பிழை தோன்றும். இவ்விடத்துச் சர்வரின் பிழைப் பதிவேட்டைப் படித்தல் இன்றியமையாதது. வட்டு நிரம்பியதால் சர்வர் எழ இயலாமற் போன செய்தி அப்பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

பிழை எண் 1040 எனின், இணைப்புகள் அளவிறந்தன என்பது பொருள். வேறு அளவு குறிக்கப்படாதவிடத்துச் சர்வர் ஒரே காலத்தில் 151 இணைப்புகளை ஏற்கும். நிருவாகி உட்புகுவதற்கென மேலும் ஓரிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்று கணிப்பொறிகளே உள்ள பண்டகசாலையில் இவ்வெண் நிரம்புமாயின், ஏதோ ஒரு நிரல் இணைப்புகளைத் திறந்து மூடாமல் விடுகின்றது என்று ஊகிக்கலாம். அளவை உயர்த்துதல் நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

காலையில் முதற் பதிவு மட்டும் தவறி, மறுமுறை செய்ததும் நிறைவேறும் குறை ஒன்று உண்டு. இதற்குரிய பிழை எண் 2006 ஆகும். பேச்சற்ற இணைப்பைச் சர்வர் 28,800 வினாடிகள், அதாவது எட்டு மணி நேரம் பொறுத்திருந்து துண்டித்துவிடும். மாலை 6 மணிக்குப் பண்டகசாலையை அடைத்துக் காலை 9 மணிக்குத் திறந்தால் இடையில் பதினைந்து மணி நேரம் கழிகின்றது. இரவு முழுதும் திறந்தே விடப்பட்ட கிளையண்ட், இணைப்பு அறுந்ததை அறியாமல் பழைய வழியிலேயே பேச முயல்கின்றது. இதற்கும் கடவுச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

4. கடவுச்சொல் ஆராயப்படும் விதம்

கிளையண்ட் வாயிலை அடைந்தவுடன் முதலிற் பேசுவது சர்வரே. அது தன் பதிப்பு எண்ணையும், ஒவ்வோர் இணைப்பிற்கும் புதிதாக ஆக்கப்படும் 20 பைட் அளவுள்ள ஓர் எழுந்தவாரியான சரத்தையும் அனுப்புகின்றது. கிளையண்ட் தன் கடவுச்சொல்லையும் அச்சரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்புகின்றது. அவ்விடை பொருந்துகின்றதா என்று சர்வர் சரிபார்க்கின்றது. கம்பியில் ஒட்டுக்கேட்பவர் இன்றைய விடையைப் பதிந்துகொண்டாலும் நாளை அது பயன்படாது; ஏனெனில் நாளைய சரம் வேறு. சர்வரிலும் கடவுச்சொல் அவ்வாறே சேமிக்கப்படுவதில்லை; அதிலிருந்து கணக்கிட்ட ஒரு மதிப்பே சேமிக்கப்படுகின்றது. எனவே மறந்துபோன கடவுச்சொல்லை நிருவாகியும் எடுத்துக் கூற இயலாது. புதியதொன்றை அமைக்கவே இயலும்.

அடையாளம் ஏற்கப்படாவிடில் தோன்றும் பிழை எண் 1045 ஆகும். இச்செய்தியில் மூன்று உறுப்புகள் உள்ளன: பயனரின் பெயர், அவர் வந்த கணிப்பொறியின் பெயர் அல்லது முகவரி, கடவுச்சொல் அளிக்கப்பட்டதா என்பதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. மூன்றாம் உறுப்பு ‘இல்லை’ என்றிருப்பின் கடவுச்சொல் தவறானதன்று. அது அனுப்பப்படவே இல்லை. நிரலின் அமைப்புக் கோப்பு படிக்கப்படாமையே அதற்குக் காரணமாகலாம். ‘ஆம்’ என்றிருப்பின் அனுப்பப்பட்டது பொருந்தவில்லை. அமைப்புக் கோப்பில் # என்னும் குறி வருமாயின், அதற்குப் பின்னுள்ளவை வெறும் குறிப்புரையாகக் கருதப்பட்டு விடப்படும். கடவுச்சொல்லில் அக்குறி இருப்பின், மேற்கோள் குறிகளுக்குள் அடைத்து எழுதினாலன்றிப் பாதிச் சொல்லே சர்வரைச் சென்றடையும்.

இரண்டாம் உறுப்பே பலரும் கவனிக்கத் தவறுவது. மைஎஸ்க்யூஎல் சர்வரில் ஒரு கணக்கு என்பது பயனர்பெயர் மட்டுமன்று. பயனர்பெயரும் வந்த இடமும் சேர்ந்ததே ஒரு கணக்கு. தராசடிப் பயனருக்கு 192.168.1.20 என்ற முகவரியிலிருந்து வர மட்டும் அனுமதி தரப்பட்டுள்ளது என்க. மின்தடைக்குப் பின் ரவுட்டர் மீண்டும் இயங்கும்போது அக்கணிப்பொறிக்கு 192.168.1.34 என்ற முகவரியை வழங்கிவிடலாம். பயனரும் அவரே, கடவுச்சொல்லும் அதுவே. எனினும் சர்வர் அவரை அறியாது. அம்முகவரியிலிருந்து வர எவருக்குமே அனுமதியில்லையெனின் பிழை எண் 1130 தோன்றும். வேறு பயனர்க்கு அனுமதியிருப்பின் 1045 தோன்றும். ஒரே பெயருக்கு இரு இடங்களுக்குரிய இரு கணக்குகள் இருப்பின், இடத்தை மிகக் குறுக்கிக் கூறும் கணக்கே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். ஒன்றின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றியவர் மற்றதன் வழியே மறுக்கப்படுவது இதனாலேயே. ரவுட்டரில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் நிலையான முகவரியை ஒதுக்கிவைத்தல் இதற்குத் தக்க பரிகாரமாகும்.

5. பதிப்பு மாற்றத்தால் வரும் மறுப்பு

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 8.0 பதிப்பு வெளிவந்தபோது, புதிய கணக்குகளுக்கு வலுவான சரிபார்ப்பு முறை ஒன்று இயல்பானதாக ஆக்கப்பட்டது. அதனை அறியாத பழைய கிளையண்டுகள் பிழை எண் 1251 அல்லது 2059 காட்டி நின்றன. 2024இல் வெளியான 8.4 பதிப்பில் பழைய முறை முடக்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டின் 9.0 பதிப்பில் அறவே நீக்கப்பட்டது. ஆகவே கிளையண்டைப் புதுப்பித்தலே நிலையான தீர்வு.

புதிய முறையில் மற்றொரு நுட்பம் உண்டு. வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்ட கணக்கின் மதிப்பைச் சர்வர் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை விரைவாக அனுமதிக்கின்றது. சர்வர் நின்று மீண்டும் எழும்போது அந்நினைவு அழிந்துவிடும். அப்போது முழுச் சரிபார்ப்பு நடைபெற வேண்டும். அதற்குக் குறியீட்டு மறைப்புள்ள இணைப்போ, சர்வரின் பொதுச்சாவியோ தேவை. இவ்விரண்டும் அமையாத கிளையண்ட், நேற்று வரை ஏற்கப்பட்ட அதே கடவுச்சொல்லுடன் இன்று மறுக்கப்படும். மின்தடைக்கு அடுத்து இத்தகைய குறை தோன்றினால், கடவுச்சொல்லை எவரோ மாற்றிவிட்டார் என்று உடன் பணிபுரிவோர்மேல் ஐயுறுதல் தகாது.

கடவுச்சொல்லின் காலவரையும் ஒரு காரணமாகலாம். 5.7 பதிப்பின் தொடக்க வெளியீடுகளில், 5.7.4 முதல் 5.7.10 வரை, கடவுச்சொல் 360 நாட்களில் காலாவதியாகுமாறு அமைக்கப்பட்டிருந்தது, 5.7.11 முதல் இவ்வரையறை நீக்கப்பட்டது. காலாவதியான கணக்கிற்குரிய பிழை எண் 1862 அல்லது 1820 ஆகும்.

அடையாளம் ஏற்கப்பட்ட பின்னும் 1044 என்ற எண் தோன்றுமாயின் அத்தரவுத்தளத்திற்கும், 1142 தோன்றுமாயின் குறிப்பிட்ட அட்டவணைக்கும் உரிமையில்லை என்பது பொருள். இவை நான்காம் படிக்குரியவை. வேண்டிய உரிமையை மட்டும் வழங்குதல் போதும்.

6. நிருவாகியின் கடவுச்சொல் மறந்துபோனால்

ரூட் எனப்படும் தலைமைக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோவதுண்டு. சில லினக்ஸ் அமைப்புகளில் அக்கணக்கிற்குக் கடவுச்சொல்லே கேட்கப்படுவதில்லை. கணிப்பொறியின் தலைமைப் பயனராகப் புகுந்தவரை மட்டும் சர்வர் ஏற்கும். பிழை எண் 1698 இதனைக் குறிக்கக்கூடும். ஆகவே மறதி என்று துணியுமுன் இதனைச் சோதித்தல் வேண்டும்.

மெய்யாகவே மறந்திருப்பின் இரு வழிகள் உள்ளன. ஒன்று, உரிமை அட்டவணைகளைப் பாராமலே சர்வரை எழச் செய்தல். அந்நிலையில் எவரும் கடவுச்சொல்லின்றிப் புகலாம். 8.0 பதிப்பு முதல் இந்நிலையில் வலைப்பின்னல் இணைப்புகள் தாமாகவே அடைக்கப்படுகின்றன. முந்தைய பதிப்புகளில் அக்காப்பு இல்லை. மற்றொன்று, புதிய கடவுச்சொல்லை அமைக்கும் கட்டளையை ஒரு கோப்பில் எழுதி, சர்வர் எழும்போது அதனைப் படிக்குமாறு செய்தல். காவல் ஒரு கணமும் தளராமையால் இரண்டாம் வழியே சிறந்தது. பணி முடிந்ததும் அக்கோப்பை அழித்துவிட வேண்டும். ஏனெனில் கடவுச்சொல் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளது.

7. தவிர்க்க வேண்டிய பரிகாரங்கள்

அவசரத்தில் கையாளப்படும் மூன்று பரிகாரங்கள் மிகவும் தீயவை. கடவுச்சொல்லை வெறுமையாக்குதல் ஒன்று. எவ்விடத்திலிருந்தும் வர அனுமதித்தல் மற்றொன்று. காவலரணை நீக்கி வாயிலை இணையம் முழுமைக்கும் திறந்துவிடுதல் மூன்றாவது. இவற்றால் குறை உடனே மறையும். ஆனால் அது தீர்ந்ததாகாது.

2017ஆம் ஆண்டு ஜனவரியில், மாங்கோடிபி என்னும் வேறு வகைத் தரவுத்தளங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் தாக்கப்பட்டன. அவை கடவுச்சொல்லின்றி இணையத்திற்குத் திறந்து கிடந்தவை. தகவல்கள் அழிக்கப்பட்டு, மீட்க வேண்டுமாயின் பணம் தருக என்ற குறிப்பு மட்டும் எஞ்சியது. அடுத்த மாதமே மைஎஸ்க்யூஎல் சர்வர்களும் இவ்வாறு தாக்குண்டன. எளிய கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று தாக்கியோர் உட்புகுந்தனர்.

கடவுச்சொல் வலியதாயினும், வாயிலைத் திறந்து வைப்பது தீங்கே என்பதற்கு 2012ஆம் ஆண்டு சான்றாகும். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றின் சில பதிப்புகளில், கடவுச்சொல் ஒப்பீட்டில் ஒரு பிழை அவ்வாண்டு வெளிப்பட்டது. குறிப்பிட்ட சில கணிப்பொறி அமைப்புகளில், தவறான கடவுச்சொல்லும் ஏறத்தாழ 256 முயற்சிகளுக்கு ஒருமுறை சரியென ஏற்கப்பட்டது. பயனர்பெயரை மட்டும் அறிந்தவர் சில நூறு முயற்சிகளில் உட்புகுந்துவிடலாம் என்ற நிலை. அப்பிழை விரைவில் திருத்தப்பட்டது. வாயிலை இணையத்திற்குத் திறவாதிருந்தோர் அதனால் பெரிதும் அஞ்சவேண்டியிருக்கவில்லை.

8. தொகுப்புரை

குறை தோன்றியவுடன் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் வேண்டும். பிழை எண்ணையும் செய்தியையும் எழுதிக்கொள்க. அதனைக் கொண்டு நான்கு படிகளுள் எதில் தடை என்று துணிக. ஒரு கணிப்பொறிக்கு மட்டுமா, அனைத்திற்குமா என்று பார்க்க. சர்வரின் பிழைப் பதிவேட்டைப் படிக்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துக்கொள்க. பயன் இல்லையெனின் பழைய நிலைக்குக் கொணர்க. பேரேட்டின் மறுபடி ஒன்றை நாள்தோறும் எடுத்து, சர்வரின்றும் வேறான இடத்தில் வைக்க. மறுபடி கையிலிருப்பவர் பதற்றமின்றி ஆராய்வார். பதற்றமின்றி ஆராய்பவருக்குப் பெரும்பாலான குறைகள் சில நிமிடங்களில் புலனாகிவிடும்.

சர்வர் மறுப்பது எப்போதும் பழுதின் அடையாளமன்று. அறியாதவரை மறுத்தலே அதன் கடமை. அம்மறுப்பு எதனால் நேர்ந்தது என்பதையும் அது பெரும்பாலும் தானே கூறிவிடுகின்றது. அதனைப் பொறுமையுடன் படித்தறிவதே பேரேட்டைக் காப்போர் செய்யத்தக்கது.

வினாக்கள்

1. இணைப்பு உடனே மறுக்கப்படுவதற்கும், விடையின்றிக் காலம் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மாடியில் சர்வர் நன்கு இயங்கியும் தராசடிக் கணிப்பொறிக்கு இணைப்புக் கிட்டாமைக்கு மூன்று காரணங்கள் கூறுக.
3. பிழை எண் 1045இன் செய்தியிலுள்ள மூன்று உறுப்புகள் யாவை? ஒவ்வொன்றும் எதனை உணர்த்துகின்றது?
4. கடவுச்சொல் மாறாதிருந்தும் மின்தடைக்குப் பின் கணக்கு மறுக்கப்படுவதற்குரிய இரு காரணங்களை விளக்குக.
5. மறந்துபோன கடவுச்சொல்லை நிருவாகி எடுத்துக் கூற இயலாதது ஏன்?